க்விக் ஃபார்மட் ஆன டிஸ்க்கில் படங்கள் இன்னும் இருக்கும்

பென் டிரைவ் என்று நினைத்து 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை க்விக் ஃபார்மட் செய்துவிட்டேன், அக்கா கல்யாணப் படங்கள் போயின என்கிறீர்கள். பதறாதீர்கள். க்விக் ஃபார்மட் ஃபைல் பட்டியலைத்தான் புதிதாக்கும். மேலே வேறெதுவும் பதியாதவரை படங்கள் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். (முழு ஃபார்மட் என்றால் நம்பிக்கை இல்லை, விஸ்டா பதிப்பு முதல் விண்டோஸ் அப்போது டிஸ்க் முழுக்கப் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது.)

உடனே டிஸ்க்கைக் கழற்றுங்கள். கணினியில் ஃபோட்டோரெக் (PhotoRec) என்ற ஃபைல் மீட்கும் மென்பொருளை இறக்குங்கள், இலவசம்தான். அப்புறம் டிஸ்க்கை மாட்டி அந்த மென்பொருளை ஓடவிடுங்கள். மீட்டதை வேறொரு டிஸ்க்கில் மட்டுமே சேமியுங்கள், இதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஃபைல் பெயர்களும் ஃபோல்டர்களும் திரும்பாது. ஆனால் ஜேபெக் (.jpg) படத்துக்குள்ளேயே பெரும்பாலும் எடுத்த தேதி இருக்கும், அதை வைத்து அடுக்கலாம். டிஸ்க்கில் டக் டக் சத்தம் கேட்டால் எதையும் ஓட்டாமல் டேட்டா ரெக்கவரி லேபுக்குக் கொண்டுபோங்கள்.