சி-41 (கலர் நெகட்டிவ் ஃபிலிம் கழுவுற முறை) டெவலப்பரை பவுடர் வாங்கி வீட்டிலயே கலக்கலாமா?

தாராளமா கலக்கலாம், ஆனா 0.01 கிராம் வரை காட்டுற தராசு இல்லாம இறங்காதீங்க. கலர் டெவலப்பர்ல மெயின் ஆளு சிடி-4, லிட்டருக்கு 5 கிராம்கூட வராது, அது காத்துபட்டா கெட்டுப்போயிரும், அதனால சோடியம் சல்ஃபைட்டை முதல்லயே கரைச்சு வச்சிட்டு சிடி-4-ஐ கடைசியா போடுங்க. பொட்டாசியம் கார்பனேட்தான் பிஹெச்சை 10 கிட்ட தூக்கி நிறுத்தும், பொட்டாசியம் புரோமைடு ஃபாக் (வெளிச்சம் படாத இடமும் ஃபிலிம்ல டெவலப் ஆகி மங்குறது) வராம அடக்கும், இதுல கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் கலர் ஒரு பக்கமா சாஞ்சிரும், ஸ்கேன்ல ஓரளவுதான் சரிபண்ண முடியும்.

டெவலப் பண்றது 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிஷம் 15 செகண்ட், இதுல மாத்தமே கிடையாது. அடுத்து வர்ற ப்ளீச்சும் (ஃபிலிம்ல உருவான வெள்ளியைக் கரையுற மாதிரி மாத்துறது) ஃபிக்சரும் (அதைக் கரைச்சு எடுக்கிறது) இவ்ளோ படுத்தாது, ஃபிக்சருக்கு அம்மோனியம் தயோசல்ஃபேட் போதும், ப்ளீச் மட்டும் நான்னா ரெடிமேடாவே வாங்கிருவேன். சிடி-4 தோல்ல பட்டா அலர்ஜி வரும், க்ளவுஸ் கட்டாயம், சமையல் பாத்திரம் பக்கமே கொண்டுபோகாதீங்க.