நூலக வரிக்கு வாக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் பல ஊர்களில் நூலகத்துக்கான வரியை மக்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அங்கே பிள்ளைகளும் தமிழ்நாட்டில் பூர்வீக வீடும் உள்ள சிங்கப்பூர் வாசகர்கள்தான் இம்முறை அதிகம் எழுதியிருக்கிறார்கள். பாதிக் கடிதங்களில் எந்த மாநிலம் என்ற விவரமே இல்லை. நூலக வரிச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதங்கள் அப்படியேதான் வருகின்றன.

கே: ஒஹாயோவில் மகன் வீடு வாங்கியிருக்கிறான். நூலகத்துக்காக "ஒரு மில்" வரி கேட்டு வாக்கெடுப்பு வருகிறதாம். எவ்வளவு பணம்? (அங் மோ கியோ)

ப: வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். ஒஹாயோவில் சந்தை மதிப்பில் 35 விழுக்காடுதான் வரிக்குரிய மதிப்பு. 200,000 டாலர் வீடு என்றால் 70,000 டாலருக்கு வரி. ஆண்டுக்கு 70 அமெரிக்க டாலர், மாதம் ஆறு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்குச்சீட்டில் இருப்பது பழைய வரியின் புதுப்பிப்பா, கூடுதல் வரியா என்று மகனைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதுப்பிப்பு என்றால் இப்போது கட்டுவதே தொடரும். இதைப் படிக்காமலேயே "வரியை ஏற்றுகிறார்கள்" என்று கொதிப்பவர்கள் ஏராளம்.

கே: மகளுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. வீட்டு வரியும் கட்டுகிறாள். நூலக வரிக்கு வாக்களிக்கலாமா? (பொங்கோல்)

ப: கூடாது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஊர்களைத் தவிர மற்ற எங்கும் குடியுரிமை பெற்றவருக்கு மட்டுமே வாக்கு. வாக்காளர் பதிவுப் படிவத்தை யார் நீட்டினாலும் கையெழுத்திட வேண்டாம்; பின்னால் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகிவிடும். நூலக நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போய்ப் பேசலாம். நீங்களும் இங்கிருந்து பிரசாரத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள். உதாரணத்துக்கு, ஒஹாயோ மாநிலம் 2024இல் வெளிநாட்டவர் இப்படிப் பணம் தருவதைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

கே: ஜெயிக்க எத்தனை விழுக்காடு வேண்டும்? (பெயரும் ஊரும் இல்லை)

ப: எந்த மாநிலம்? ஒஹாயோ என்றால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு. கலிஃபோர்னியாவில் நகராட்சியே முன்வைக்கும் சிறப்பு வரி என்றால் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே 60 விழுக்காடு வாங்கினாலும் தோல்விதான்.

கே: மிச்சிகனில் உள்ள தங்கை நூலக ஆதரவுக் குழுவில் இருக்கிறாள். தமிழ்க் குடும்பங்களுக்குத் துண்டறிக்கை எழுதித் தரச் சொல்கிறாள். என்ன எழுதுவது? (தெம்பனிஸ்)

ப: மாநிலத்தைச் சொன்னதற்கு நன்றி. முதல் வரியிலேயே ஒரு சராசரி வீட்டுக்கு ஆண்டுக்கு எத்தனை டாலர் என்று எழுதுங்கள். மில் கணக்கை அடியில் போட்டால் போதும். அடுத்து, பணம் எதற்கு: ஞாயிற்றுக்கிழமை திறக்கவா, கூரையை மாற்றவா, புத்தகம் வாங்கவா? வரி எத்தனை ஆண்டுக்கு என்பதும் வேண்டும். நூலகம் மூடப்படும் என்று நிர்வாகக் குழு முறையாகத் தீர்மானித்திருந்தால் மட்டுமே அப்படி எழுதலாம்.

அதே மாநிலத்தின் டிராய் நகரில் 2011இல் நூலகத்தை ஆதரித்த ஒரு குழு, எதிர்ப்பாளர்கள் போல நடித்து, நூலகத்தை மூட வாக்களியுங்கள், பிறகு புத்தகம் எரிக்கும் விழா இருக்கிறது என்று அட்டைகளை நட்டது. ஊரே கொதித்தது. அதுவரை வரியைப் பற்றிப் பேசியவர்கள் நூலகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள், 0.7 மில் வரி நிறைவேறியது. தங்கை அந்த வழிக்குப் போக வேண்டாம். அந்த உத்தி ஒரு முறைதான் பலிக்கும், அடுத்த புதுப்பிப்புக்கு அதே மக்களிடம்தான் போய் நிற்க வேண்டும். இன்னொன்று: துண்டறிக்கையை நூலகச் செலவில் அச்சடிக்கக் கூடாது. பொதுப்பணத்தில் தகவல் தரலாம், "ஆம்" போடச் சொல்ல முடியாது.

கே: மன்னார்குடி வீட்டு வரியோடு நூலக வரி என்று ஒரு தொகையும் வாங்குகிறார்கள். நாங்கள் யாரும் நூலகத்துக்குப் போவதில்லை. யாரைக் கேட்டுப் போட்டார்கள்? (பிடோக்)

ப: உங்களைக் கேட்கவில்லை, சட்டமன்றம் போட்டது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்து வரியோடு நூலக வரி வசூலிக்கும் ஏற்பாடு அதில் வந்ததுதான். இப்போது ரூபாய்க்கு 10 காசு. சொத்து வரி 2,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 200.

அந்த 200 ரூபாய் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வசூலிப்பது நகராட்சி. செலவழிக்க வேண்டியது மாவட்ட நூலக ஆணைக்குழு. பல உள்ளாட்சி அமைப்புகள் வசூலித்த பணத்தை ஆணைக்குழுவிடம் ஒப்படைக்காமல் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்திருப்பது தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிளை நூலகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, முதுகு பிய்ந்த நாவல்கள், ஓடாத மின்விசிறி, நாளிதழ் மேசையில் நாலு பெரியவர்கள் என்று எனக்கு எழுதுகிறார்கள். நூலகரைத் திட்டுகிறார்கள். புத்தகம் வாங்கப் பணம் வராத இடத்தில் அவர் என்ன செய்வார்? ஒஹாயோவில் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை நூலகம் மக்களிடம் வந்து கேட்டாக வேண்டியிருப்பதால், மக்களும் கணக்குக் கேட்கிறார்கள். நம் ஊரில் கேட்காமலேயே பணம் வந்துவிடுகிறது. அது போன இடத்தைக் கேட்கவும் ஆளில்லை. இந்த அலட்சியத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். இந்தியக் குடிமக்கள்தான் போட முடியும். நீங்கள் சிங்கப்பூர்க் குடிமகன் என்றால் அங்குள்ள உங்கள் அண்ணனோ தம்பியோ போடட்டும். கட்டணம் 10 ரூபாய். நகராட்சிக்கு ஒரு மனு: கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்கு அனுப்பியது எவ்வளவு? ஆணைக்குழுவுக்கு இன்னொரு மனு: அந்த நகராட்சியிடமிருந்து வந்தது எவ்வளவு? "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், தட்டிக்கழித்துவிடுவார்கள். தொகையை மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கே: சிங்கப்பூரில் இப்படி ஏன் வாக்குக் கேட்பதில்லை? நகர மன்றக் கட்டணத்தில் நூலகத்துக்கும் பங்கு உண்டா? (ஈசூன்)

ப: இல்லை. அந்தக் கட்டணம் மின்தூக்கி, துப்புரவு போன்றவற்றுக்கு. தேசிய நூலக வாரியத்துக்கு அரசாங்க வரவுசெலவுத் திட்டத்திலிருந்து மானியம் வருகிறது. தனியொரு வரிக்கு இங்கே வாக்கெடுப்பு நடப்பதில்லை. நாடு கண்ட ஒரே தேசிய வாக்கெடுப்பு 1962இல், மலேசியாவோடு இணைவது குறித்து நடந்தது. முன்பு, தேசிய நூலகத்தின் முன்னோடியான ராஃபிள்ஸ் நூலகத்தில் சந்தா கட்டித்தான் புத்தகம் எடுக்க வேண்டும். தொழிலதிபர் லீ கோங் சியான் 1953இல் 375,000 டாலர் தர முன்வந்தபோது, நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழி நூல்களும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அப்படி வந்த ஸ்டாம்ஃபர்ட் ரோடு நூலகக் கட்டடம் 1960இல் திறந்தது. தமிழ் அலமாரி சிறுத்துவிட்டது என்று வருந்துகிறவர்கள் அந்த நிபந்தனையை நினைத்தாவது மாதம் இரண்டு தமிழ் நூல்களை இரவல் எடுங்கள். அலமாரியிலேயே நின்று படித்துவிட்டு வைத்தால் இரவல் கணக்கில் ஏறாது.

கே: வாக்கெடுப்பு தோற்றால் உண்மையிலேயே மூடிவிடுவார்களா? (உட்லண்ட்ஸ்)

ப: மூடுவார்கள். ஆரெகன் மாநிலத்தின் டக்ளஸ் மாவட்டத்தில் 2016இல் வாக்காளர்கள் நூலக வரியை மறுத்தார்கள். 2017இல் மாவட்ட நூலகங்கள் மூடப்பட்டன.

கே: வரி எதற்கு? ஆளுக்கு நாலு பழைய புத்தகம் கொடுத்தால் நூலகம் நடக்காதா? (சிராங்கூன்)

ப: நடக்காது. இங்கிலாந்து 1850இல் செய்து பார்த்தது. வரி கட்டுவோரில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் நகராட்சி, வரிக்குரிய சொத்து மதிப்பில் ஒரு பவுனுக்கு அரைப் பென்னி என்று நூலக வரி போடலாம். ஆனால் அதில் புத்தகம் வாங்கக் கூடாது, நன்கொடையாக வரட்டும் என்றது சட்டம். 1855இல் அதைத் திருத்தி, வரியை ஒரு பென்னியாக்கி, புத்தகம் வாங்கவும் அனுமதித்தார்கள்.