"நான் சொல்வது பொய்" என்பதும் நிற்காத நிரலும்

அன்புள்ள ஐயா,

எந்தக் கணினி நிரலைக் கொடுத்தாலும் அது ஓடி முடியுமா, முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று சொல்லிவிடுகிற ஒரு பொது நிரலை எழுத முடியாது என்று கணிதர் டியூரிங் 1936இல் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்த நிறுவலில் வரும் நிரல் தன்னைப் பற்றித் தானே கேட்கிறது. "நான் சொல்வது பொய்" என்பது போல அந்தக் கேள்வியே பிழை அல்லவா? அந்த மாதிரிக் கேள்விகளை விலக்கிவிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் விடை சொல்லலாம்தானே?

உப்புவெளியிலிருந்து ஒரு மாணவன்

அன்புத் தம்பிக்கு,

இதே இடத்தில் நானும் நெடுநாள் நின்றிருக்கிறேன். முதலில் என் கட்டுரைக்கு ஒரு திருத்தம். டியூரிங் அன்று கேட்டது, ஒரு இயந்திரம் முடிவில்லாமல் இலக்கங்களை எழுதிக்கொண்டே போகுமா என்பது. "நிற்குமா" என்ற இன்றைய வடிவம் பின்னால் வந்தது. உள்ளே இருக்கும் சங்கதி ஒன்றுதான்.

அந்தப் பொது நிரலுக்குச் சாத்திரியார் என்று பெயர் வைப்போம். இன்னொரு நிரல், முரண்டன். ஏதாவது ஒரு நிரலின் எழுத்தை முரண்டனிடம் கொடுத்தால், "இந்த நிரலுக்கு இதன் எழுத்தையே கொடுத்தால் நிற்குமா?" என்று சாத்திரியாரைக் கேட்கும். நிற்கும் என்றால் சுற்றத் தொடங்கும்; நிற்காது என்றால் உடனே நிற்கும். இப்போது முரண்டனுக்கு முரண்டனின் எழுத்தையே கொடுக்கிறோம். சாத்திரியார் எதைச் சொன்னாலும் முரண்டன் அதற்கு எதிராகவே செய்யும்.

இதில் "நான்" எங்கே வருகிறது? ஒரு கோப்பின் வரிகளை எண்ணும் சின்ன நிரல் ஒன்றை எழுதி, அதன் கோப்பையே அதற்குக் கொடுத்துப் பாருங்கள். 23 வரி என்றால் 23 என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்கும். ஒரு குழப்பமும் வராது. அதற்கு அது வெறும் எழுத்து. முரண்டனுக்கும் அப்படித்தான்.

"நான் சொல்வது பொய்" என்ற பொய்யன் வாக்கியத்துக்கு மெய், பொய் எதைச் சொன்னாலும் பொருந்தாது. நிரலின் கதை வேறு. எதைக் கேட்டாலும் "நிற்காது" என்று சொல்லும் ஒரு சாத்திரியாரை நீங்களே எழுதுங்கள். ஒரு வரி போதும். அதை வைத்து முரண்டனைக் கட்டி ஓட விடுங்கள். உடனே நின்றுவிடும். கேள்விக்கு விடை இருக்கிறது: நிற்கும். சாத்திரியார் சொன்னதுதான் பிழை. இதைவிடக் கெட்டிக்காரச் சாத்திரியாரைக் கொண்டுவந்தாலும், அவருக்கென்று கட்டிய முரண்டனிடம் பிழையாகச் சொல்வார், அல்லது வாயே திறக்க மாட்டார். ஒவ்வொரு தடவையும் நம் கையில் இருப்பது ஓடுகிற, ஒழுங்கான நிரல். கேள்வி பிழை என்று தள்ள அங்கே இடமே இல்லை.

விலக்குவது என்றும் சொன்னீர்கள். எப்படி விலக்குவது? முரண்டனில் மாறிகளின் பெயரை மாற்றி, உதவாத நாலு வரியைச் செருகிவிட்டால் எழுத்து வேறாகிவிடும், நடத்தை மாறாது. இரண்டு நிரல்களின் நடத்தை ஒன்றுதானா என்று எல்லா நிரல்களுக்கும் சொல்லும் வழியும் கிடையாது. ரைஸ் என்ற கணிதர் 1953இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து அது தெரிகிறது. வாசலில் நிறுத்தும் காவற்காரருக்கும் சாத்திரியாரின் கண் வேண்டும்.

தன்னைத் தொடாத நிரல்களிடம் வருவோம். போன கிழமை டச்பே கடற்கரை மணலில் மகளோடு ஒரு வரிசைக் கட்டம் கீறி, சிப்பிகளை வைத்து, டியூரிங் இயந்திரம் ஒன்றை ஓட்டினோம். கட்டத்தைப் பார்த்து, சிப்பியை வைத்தோ எடுத்தோ, பக்கத்துக் கட்டத்துக்கு நகரும் எளிய இயந்திரம் அது; அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் விதித் தொகுப்புதான் நிலை, இதற்கு இரண்டே நிலை. 6 படியில் நின்றது. வரிசையில் 4 சிப்பி. வெறும் வரிசையில் தொடங்கி நிற்கிற இப்படியான இரண்டு நிலை இயந்திரம் எதுவும் அதற்கு மேல் ஓடாது. மூன்று நிலைக்கு 21, நான்குக்கு 107. ஐந்துக்கு 4,71,76,870 என்று உறுதியானது 2024இல்தான்.

ஆறு நிலையில் ஆன்டிஹைட்ரா என்று ஒன்று இருக்கிறது. அது செய்வதைக் கொப்பியிலேயே செய்யலாம். 8இல் தொடங்கி, ஒவ்வொரு எண்ணோடும் அதன் பாதியைக் கூட்டுங்கள். அரை வந்தால் விட்டுவிடுங்கள். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202... ஒற்றையா இரட்டையா என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒற்றைகளின் எண்ணிக்கை இரட்டைகளின் எண்ணிக்கையின் இருமடங்கை எப்போதாவது தாண்டினால் இயந்திரம் நிற்கும். அது தன்னைப் பற்றி எதையும் கேட்கவில்லை. நிற்குமா என்று இன்றுவரை யாராலும் நிறுவ முடியவில்லை.