அசிட்ரோம் சாப்பிடுகிறவருக்கு முதுகுவலி வந்தால்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் 31 வருடம் நின்றவன் நான். அந்த நிற்பிலேயே முதுகு போய்விட்டது. பிறகு இதயத்தின் மைட்ரல் வால்வை மாற்றி ஒன்பது வருடம் ஆகிறது. தினமும் ராத்திரி ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை. ஆக, இரண்டு பக்கத்துத் தொல்லையும் எனக்குப் பழக்கம். நான் டாக்டர் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. மற்றபடி கேளுங்கள்.

அண்ணாச்சி, எனக்கு வயது 46, ஊர் முக்கூடல். மைட்ரல் வால்வு மாற்றி நாலு வருடம், அசிட்ரோம் போடுகிறேன். பீடி சுற்றுகிற வேலை. சுளகை மடியில் வைத்து ஏழெட்டு மணி நேரம் குனிந்தே இருப்பதால் இடுப்பு கழன்றுபோகிறது. கடையில் வலிக்கு என்று கேட்டால் கவரில் மூன்று மாத்திரை போட்டுத் தருவார். பத்து நாளாகத் தினமும் சாப்பிடுகிறேன். இப்போது பல் விளக்கினால் ரத்தம் வருகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு தங்கச்சி. அந்தக் கவரை இன்றே நிறுத்துங்கள். அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாளைக் காலையில் முதல் வேலையாக ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற டெஸ்ட், எண் ஏறினால் கசிவு ஆபத்து) பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள். பத்து நாள் கவர் மாத்திரை சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அந்தக் கவரில் பெரும்பாலும் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே போட்டுக் கொடுத்தவன்தானே. டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் ஒன்று, கூடவே பாராசிட்டமால், அப்புறம் ஒரு காஸ் மாத்திரை. சில கடைகளில் வீக்கத்துக்கு என்று செர்ரேஷியோபெப்டிடேஸ் சேர்ந்திருக்கும். இதில் முதலாவதுதான் வில்லங்கம். அது இரண்டு வேலை செய்கிறது. வயிற்றின் உள்சுவரைக் காக்கிற வழுவழுப்பைக் குறைத்துப் புண்ணாக்குகிறது. கூடவே, காயம் பட்ட இடத்தை முதலில் ஓடிவந்து அடைக்கிற தட்டணுக்களை மந்தமாக்குகிறது. அசிட்ரோம் ஏற்கனவே ரத்தத்தின் உறையும் சத்தைக் குறைத்து வைத்திருக்கிறது. ஒன்று ஓட்டை போடுகிறது, இன்னொன்று அடைக்க விடமாட்டேன் என்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.என்.ஆர். சரியாக இருந்தாலே தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. தட்டணுவின் மந்தமும் வயிற்றுப் புண்ணும் அந்த டெஸ்டில் தெரியாது. மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, நாற்றத்தோடு போனால் காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் எது எது என்று வீட்டில் உட்கார்ந்து ஆராய வேண்டாம்.

அப்படியென்றால் வலிக்கு எதைத்தான் சாப்பிடுவது?

பாராசிட்டமால். சப்பென்ற பதில்தான், ஆனாலும் முதல் பதில் இதுதான். வயிற்றைப் புண்ணாக்காது, தட்டணுவைத் தொடாது. நாள்பட்ட முதுகுவலிக்கு அது பெரிதாகக் கேட்காது என்பது உண்மை. என் முதுகுக்கும் பாதிதான் கேட்கிறது. அந்தப் பாதியில் எழுந்து நடமாட முடிந்தால் போதும், மீதியை நடையும் பயிற்சியும் பார்த்துக்கொள்ளும்.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. அசிட்ரோமோ, அதே குடும்பத்து மாத்திரையான வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள், பாராசிட்டமாலைத் தினமும் 2 கிராம் போலத் தொடர்ந்து சில நாள் எடுத்தால் ஐ.என்.ஆர். ஏறலாம். எப்போதாவது ஒன்று இரண்டு போட்டால் பயமில்லை. தொடர்ச்சியாகப் போட வேண்டி வந்தால் ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். பார்த்துவிடுங்கள். 650 மில்லிகிராம் மாத்திரை என்றால் வயதானவர்களுக்கு ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம் என்பேன். குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் அதுவும் அதிகம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சளிக்கு, காய்ச்சலுக்கு என்று தருகிற கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

வலி காலில் மின்சாரம் பாய்வது போல இறங்கினால் டாக்டர்கள் சில சமயம் பிரிகாபலின், கபாபென்டின் எழுதுவார்கள். அவற்றால் ரத்தக்கசிவு அதிகமாகாது, ஆனால் தலை கிறுகிறுக்கும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிற ஆள் கிறுகிறுத்து விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் சில நாள் ராத்திரி எழுந்திருக்கும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு நடங்கள். டிரமடால் என்ற பலமான வலி மாத்திரை தூக்கத்தையும் கொடுக்கும், சிலருக்கு ஐ.என்.ஆரையும் ஏற்றும்.

மாத்திரைதானே வயிற்றைக் கெடுக்கும், ஊசியாகப் போட்டால் பரவாயில்லையா? (அம்பாசமுத்திரம்)

இல்லை தம்பி. வயிற்றின் காப்பைக் குறைப்பது ரத்தத்தில் கலந்த மருந்து. வாய்வழி போனாலும் இடுப்புவழி போனாலும் அது வந்து சேருகிற இடம் ஒன்றுதான். அதற்கு மேல் ஊசிக்கென்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது: சதைக்குள் குத்திய இடத்தில் ரத்தம் கட்டும்.

இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வால்வு மாற்றி இரண்டாவது வருடம், சிரப் பெட்டி ஒன்றைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டது. அந்த வலியில் பக்கத்தில் இருந்த கிளினிக்குக்குப் போய், "ஒரு ஊசி போடுங்க" என்று கவிழ்ந்து படுத்துவிட்டேன். அசிட்ரோம் சாப்பிடுகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டியவன் நான். அதுவும் அந்த மாத்திரையை ஊருக்கெல்லாம் விற்றவன். ராத்திரிக்குள் ஒரு பக்கப் புட்டம் முழுக்கக் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது. மூன்று வாரம் ஒருக்களித்தே உட்கார்ந்தேன். அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் பெயரைச் சொல்வதற்கு முன்னால் "அசிட்ரோம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன்.

காஸ் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால்?

ஆபத்து கொஞ்சம் குறையும், போகாது. பேன்டபிரசோல் வயிற்றுப் புண்ணைத்தான் தடுக்கும். மூளையிலோ குடலின் கீழ்ப்பகுதியிலோ கசிந்தால் அதற்கு அது என்ன செய்யும்?

எடோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை வயிற்றுக்கு நல்லது என்கிறார்களே?

மற்றவற்றைவிட வயிற்றுக்குச் சாது. ஆனால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும், ரத்த அழுத்தத்தைக் கூட்டும், இதய நோயாளிக்கு ஏற்றதில்லை. ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் இதய நோயாளிகள்தானே.

இரண்டு நாள் அசிட்ரோமை நிறுத்திவிட்டு வலி மாத்திரை போட்டுக்கொள்ளட்டுமா?

வேண்டவே வேண்டாம். உலோக வால்வில் ரத்தம் கட்டினால் வால்வே சிக்கிக்கொள்ளும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். முதுகுவலி ஆளைக் கொல்லாது. முதுகுத்தண்டில் ஊசி போடுவதற்காக நிறுத்த வேண்டியிருந்தால், எத்தனை நாள் நிறுத்துவது, நடுவில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் ஊசி வேண்டுமா என்பதை இதய டாக்டரும் ஊசி போடுகிற டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

அப்பாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை என்று அபிக்சாபன் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைப் பத்தியமும் வேண்டாம் என்றார்கள். வலி மாத்திரைக்கும் கட்டுப்பாடு இல்லைதானே? (தென்காசி)

முதல் இரண்டும் சரி, மூன்றாவது தப்பு. அபிக்சாபன், ரிவரோக்சாபன், டாபிகாட்ரான் எதுவானாலும் டைக்ளோஃபெனாக் வகையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். ஐ.என்.ஆர். பார்க்காததால் எச்சரிக்கைமணி அடிக்க ஆளில்லை, அவ்வளவுதான். அபிக்சாபன் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, உடம்பில் அதிக நேரம் நிற்காது, அதனால் வேளை தவறக் கூடாது. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அவை வேறு வகை, ஆனால் வலி மாத்திரை விஷயத்தில் இதே பதில்தான். இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை ஆஸ்பிரினின் வேலையையே மறித்துவிடும் என்பது அதில் கூடுதல் சேதி.

எலி விஷத்தைத்தான் மருந்தாகத் தருகிறார்கள் என்று மச்சான் பயமுறுத்துகிறார்.

மச்சான் சொல்வது பொய்யில்லை. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. காரணத்தைத் தேடிப் போனதில்தான் வார்ஃபரின் பிறந்தது. 1948இல் எலி மருந்து, 1954இல் மனிதருக்கு மருந்து. எல்லாம் அளவில் இருக்கிறது. அந்த அளவைப் பார்க்கத்தான் ஐ.என்.ஆர். என்று மச்சானிடம் சொல்லுங்கள்.

தைலம், ஜெல் தேய்க்கலாமா?

டைக்ளோஃபெனாக் ஜெல்லைச் சிறு இடத்தில், சில நாளைக்குத் தேய்த்தால் உடம்புக்குள் போவது மாத்திரையில் ஒரு சிறு பங்குதான். முதுகு முழுக்கப் பூசித் துணி கட்டிச் சூடும் வைத்தால் கதை வேறு. நான் அதிகம் பயப்படுவது மெத்தில் சாலிசிலேட்டுக்கு. லேபிளில் கந்தபூரா தைலம் என்றும் போட்டிருப்பார்கள். இது ஆஸ்பிரினின் உறவுக்காரன். தோல்வழி இறங்கி ஐ.என்.ஆரை ஏற்றிய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. கடையில் கிடைக்கிற வலித் தைலங்களில் பலவற்றில் இது இருக்கிறது, திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது ஒத்தடம். தவிட்டையோ கல்லுப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து, நொச்சி இலை கிடைத்தால் அதையும் சேர்த்து, பதினைந்து நிமிடம். சர்க்கரை வியாதியில் மரத்துப்போன தோல் என்றால் சூட்டை வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும்.

சீசனுக்குக் குற்றாலம் வருகிறோம். அருவியில் முதுகைக் கொடுத்தால் வலி போகும் என்கிறார்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறேன்.

பேரருவி ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். நல்லவேளை, தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து வேகம் தணிந்து வருகிறது, இல்லாவிட்டால் யாரும் கீழே நிற்க முடியாது. தணிந்த பிறகும் அது கொடுக்கிற அடி அடிதான். மற்றவர்களுக்குச் சுகமாக இருப்பது உங்களுக்கு முதுகெல்லாம் கன்றிப்போகும். அதைவிடப் பெரிய பயம் பாறை வழுக்கல். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், எழுந்து சிரித்துப் பேசினாலும் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். உள்ளே மெல்லக் கசிவது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். தண்ணீர் குறைவாக விழுகிற நாளில் புலியருவியில் ஓரமாக, பிடித்துக்கொண்டு நின்று குளித்துவிட்டு வாருங்கள்.

அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களிடம் "தடவினால் போதும், அமுக்காதீங்க, தட்டாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதுகில் ஏறி மிதிப்பது, கழுத்தை முறித்துச் சுளுக்கு எடுப்பது, கோப்பை வைத்து உறிஞ்சுகிற கப்பிங் எதுவும் கூடாது. வர்மம் பார்க்கிறவர் என்றாலும் அழுத்துவதற்கு முன்னால் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

சித்த மருந்து சாப்பிடலாமா?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலிருந்து நடக்கிறது. அங்கே போய், அசிட்ரோம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். நான் வேண்டாம் என்பது லேபிள் இல்லாத பொட்டலத்தை. மூன்றே நாளில் முதுகுவலி பறந்துவிட்டது, பசி அதிகம், முகம் உப்புகிறது என்றால் பொடிக்குள் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். சமையலில் சேர்க்கிற மஞ்சள், இஞ்சி, பூண்டு பிரச்சினை இல்லை. சொதிக்கு இஞ்சித் துவையல் தாராளமாகத் தொட்டுக்கொள்ளுங்கள். அதையே சாரமெடுத்துக் கேப்சூலாகத் தின்பதுதான் வேறு விஷயம்.

கீரையை அடியோடு விட வேண்டுமா?

இல்லை. வைட்டமின் கே அசிட்ரோமின் எதிராளி, அதனால் அளவு மாறாமல் இருக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஏகாதசிக்குப் பட்டினி, துவாதசிக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை என்று இருக்கிற ஆச்சிமார்களுக்குத்தான் ஐ.என்.ஆர். ஏறி இறங்கும். முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு ஒரு நாள் சாப்பிட்டதற்கு ஒன்றும் ஆகாது.

மாமனாருக்கு நேற்றிலிருந்து இடது இடுப்பும் தொடை இடுக்கும் வலிக்கிறது, காலை நீட்ட முடியவில்லை, மயக்கமாக இருக்கிறது என்கிறார். வார்ஃபரின் சாப்பிடுகிறார். பழைய டிஸ்க் வலிதானா? (கடையம்)

இதை வாசித்தவுடன் கிளம்புங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற சதையில் ரத்தம் கட்டினால் இப்படித்தான் வரும், வெளியே ஒரு சொட்டு ரத்தம்கூடத் தெரியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியோ, ஸ்கேன் வசதியுள்ள வேறு ஆஸ்பத்திரியோ, எது சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே. எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: பழகிய வலி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திடீரென்று வேறு மாதிரி வலித்தால், கால் பலமிழந்தால், உட்காருகிற இடம் மரத்துப்போனால், சிறுநீர் வரவில்லை என்றால் அது முதுகுத்தண்டு நெருக்கப்படுகிற அடையாளமாக இருக்கலாம். ஒரு ராத்திரி பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

கரண்ட் வைக்கலாமா? என்ன பயிற்சி செய்வது?

பிசியோதெரபியில் கரண்ட் வைப்பதற்கு இந்த மாத்திரை தடையில்லை, பேஸ்மேக்கர் இருந்தால் மட்டும் முதலில் சொல்லுங்கள். படுத்தே கிடப்பது முதுகை இன்னும் கெடுக்கும். நான் வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி அரைமணி நடக்கிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது பத்துத் தடவை. அவ்வளவுதான் என் வைத்தியம். முதல் மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம்தான் தெரிந்தது.

அண்ணாச்சி, முக்கூடல்தான் மறுபடியும். ஐ.என்.ஆர். 4.8 இருந்தது. டாக்டர் ஒரு வேளை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிறகு தொடரச் சொன்னார். இன்றைக்கு 2.9. பல்லில் ரத்தம் நின்றுவிட்டது. வலி அப்படியேதான் இருக்கிறது. பீடி சுற்றாமல் இருக்க முடியாது. என்ன செய்ய?

2.9 நல்ல எண், மைட்ரல் வால்வுக்கு வழக்கமாக 2.5இலிருந்து 3.5க்குள் இருக்கச் சொல்வார்கள். சுளகை மடியில் வைக்காதீர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, அடியில் மடித்த சாக்கு போட்டு உட்காருங்கள். முன்னால் ஒரு மணையோ குட்டை ஸ்டூலோ போட்டு அதன்மேல் சுளகை வையுங்கள், குனிவது பாதியாகக் குறையும். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து வாசல் வரை போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கணக்குக்கு இரண்டு கட்டு குறையும்தான். ஒரு மாதம் பார்த்துவிட்டு எழுதுங்கள்.