அடுப்பில் என்ன பால்?

கேள்வி: மகளுக்கு 20 வயது, மதுரையில் காலேஜ் படிக்கிறாள். போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு செல்போனில் ஒரு படம் போட்டு, இயர்போனில் ஒரு பக்கத்தை என் காதில் வைத்து, “நீயும் பாரும்மா” என்றாள். பள்ளிக்கூடம் முடித்த இரண்டு பெண்கள் ஒருத்தியை ஒருத்தி விரும்புகிற கதை. அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் போனையும் பிடுங்கி வைத்துவிட்டேன். படிப்பை நிறுத்தி, தை பிறந்ததும் என் தம்பி மகனுக்கே முடித்துவிடலாமா? இல்லை, டாக்டரிடம் காட்டி மாற்றலாமா?
- ஒரு தாய், திருமங்கலம்

பதில்: மணி பதினொன்று என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்நேரத்துக்கு எந்த வீட்டு அடுப்பில் பால் இருக்கும்? அது உங்கள் மகளுக்குத் தெரியாதா?

மறைக்க நினைக்கிற பிள்ளை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு போர்வைக்குள் பார்த்திருக்கும். இவள் ஒரு பக்கத்தைக் கழற்றி உங்கள் காதில் வைத்தாள். “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்று அழுகிற அம்மாக்களின் கடிதங்கள் என்னிடம் கட்டுக்கட்டாக இருக்கின்றன. உங்களிடம் சொல்லத்தான் வந்தாள். நீங்கள் இல்லாத பாலை இறக்கப் போய்விட்டீர்கள்!

தன்னைப் பற்றிச் சொல்ல வந்தாளா, தோழியைப் பற்றியா, படம் பிடித்துப்போய்க் கூப்பிட்டாளா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதற்குள் மாப்பிள்ளை வரைக்கும் போயாயிற்று. சொந்தபந்தம் விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிற ஆள்தான் நானும். அதனால்தான் கேட்கிறேன், அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? மனசில்லாத பெண்ணை அவன் தலையில் கட்டுவதா, சடங்குக்குச் சீர் தூக்கி வந்த தம்பிக்கு நீங்கள் திருப்பிச் செய்கிற செய்முறை? அப்புறம் அந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு ஏறுவீர்கள்?

டாக்டர் பேச்சையே எடுக்காதீர்கள். இது நோயில்லை, 2018-க்குப் பிறகு குற்றமும் இல்லை. நம்ம மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்குப் போய்விட, பெற்றவர்கள் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்த வழக்கு ஹைகோர்ட் வரை போனது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, மனநல நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் 2021 ஜூன் 7-ல் உத்தரவு போட்டார். மருத்துவம் பார்த்து மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. ஒரு நீதிபதி உட்கார்ந்து கேட்டார். பெற்றவளுக்குப் பத்து நிமிஷம் உட்கார முடியவில்லை.

போனை இன்றைக்கே அவள் கையில் கொடுங்கள். ராத்திரி பாலைக் காய்ச்சி முதலிலேயே இறக்கி வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து படத்தைப் போடச் சொல்லுங்கள்.