'வரலாற்றில் இன்று' பலகையில் எந்தத் திகதியை எழுதுவது?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தின் கரையோரக் கிராமமொன்றில் பொது நூலகத்தில் பணியாற்றுகிறேன். வாசலிலுள்ள பலகையில் நாள்தோறும் 'வரலாற்றில் இன்று' என்று பிறப்பு, இறப்பு, நிகழ்வு எனப் பத்து வரிகள் வரை எழுதி வைக்கிறோம். பாரதியார் மறைந்த நாளைச் செப்டம்பர் 11 என்று எழுதியபோது, பத்திரிகை வாசிக்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதை 12 என்று திருத்திவிட்டார். இணையத்தில் இரண்டும் கிடக்கின்றன. எதை நம்புவது? இத்தனை செய்திகளில் எவற்றைத் தெரிவுசெய்வது?

பதில்: ஆசிரியர் திருத்தியது சரி; நீங்கள் எழுதியதும் பிழையன்று. 1921 செப்டம்பர் 11ஆம் திகதி இரவு கடந்து, பின்னிரவு ஏறத்தாழ ஒன்றரை மணிக்குப் பாரதியாரின் உயிர் பிரிந்தது. நள்ளிரவில் நாளை மாற்றும் ஆங்கில முறைப்படி அது 12. சூரிய உதயத்திலிருந்து நாளை எண்ணும் பஞ்சாங்க வழக்கில், பொழுது விடியாத காரணத்தால், அது முந்திய நாளிலேயே அடங்கும். '11ஆம் திகதி நள்ளிரவு கடந்து' என்று எழுதினால் இருவருக்கும் வழக்கில்லை. ஆகவே ஒரு திகதியைப் பலகையில் ஏற்றுவதற்கு முன்னர், அது எந்த நாட்காட்டியின் திகதி, எந்த ஊரின் திகதி, எத்தனை மணிக்குரியது என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இணையத்தில் ஒன்றோடொன்று முரண்படும் திகதிகளிற் பல இந்த மூன்றில் ஒன்றில் அகப்பட்டுவிடும்.

ஏப்ரல் 23ஆம் திகதி உலகப் புத்தக நாள் என்பதால், ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிசும் 1616இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று நூலகப் பலகைகளில் எழுதுவது வழமை. திகதி ஒன்றுதான், நாள் ஒன்றன்று. ஸ்பெயின் அப்போது புதிய கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தது. ஷேக்ஸ்பியர் இறந்த நாள் புதிய கணக்கில் மே 3. செர்வான்டிஸ் இறந்தது 22ஆம் திகதி என்றும் அடக்கம் செய்யப்பட்டதே 23 என்றும் ஆய்வாளர்கள் கொள்வதால், அந்தப் பொருத்தம் இன்னும் தளர்ந்துவிடுகிறது. நியூட்டனுக்கு 1642 டிசம்பர் 25, 1643 ஜனவரி 4 என இரண்டு பிறந்தநாள்கள் காணப்படுவதும் இதனாலேயே.

நம்மவரைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய பொறி மாதப் பெயரில் இருக்கிறது. இலங்கைத் தமிழர் ஜனவரியைத் தை என்றும் மார்ச்சைப் பங்குனி என்றும் எழுதிப் பழகியவர்கள். ஆகையால் ஒரு நினைவு மலரில் 'பங்குனி 16' என்று கண்டால், அது மார்ச் 16ஆகவும் இருக்கலாம், பஞ்சாங்கத்தின் பதினாறாம் நாளாகவும் இருக்கலாம். பக்கத்தில் நட்சத்திரமோ, 'கர வருடம்' போன்ற ஆண்டுப் பெயரோ குறிக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் அது பஞ்சாங்கத் திகதி. அதையும் இன்றைய நாட்காட்டியை விரித்து மாற்றிவிடக் கூடாது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12ஆம் திகதி மகர சங்கராந்தி. இன்று நாம் பொங்குவதோ 14 அல்லது 15இல். சூரிய மாதப் பிறப்பு இப்படி மெல்லப் பின்தள்ளிக்கொண்டே வருவதால், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பொன்றை இன்றைய பஞ்சாங்கத்தோடு பொருத்தினால் இரண்டு நாள் பிசகும். அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கமே தேவை.

ஊரும் மணியும் எப்படி மாற்றுகின்றன என்பதற்கு நம் கரையே சான்று. 1978ஆம் ஆண்டுச் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது நவம்பர் 23. அதே சூறாவளி தமிழ்நாட்டின் இராமநாதபுரக் கரையை அடைந்தது 24. சுமாத்திராவுக்கு அருகே 2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்தபோது இலங்கைக் கடிகாரத்தில் காலை 6.58. இன்றைய நேர வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுவோர் 6.28 என்று எழுதிவிடுகிறார்கள். 2006 ஏப்ரல் 15 வரை நம் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் ஓடியதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனித் தெரிவு. பத்து வரிகள் அதிகம். வெயிலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பவர் மூன்றை வாசிப்பார். அந்த மூன்றில் ஒன்றேனும் நம் ஊரைத் தொட வேண்டும் என்பது என் கருத்து. மார்ச் 27ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரொன்ஜன் பிறந்தது 1845இல் அன்று. விண்வெளிக்கு முதலில் சென்ற ககாரின் விமான விபத்தில் இறந்தது 1968இல் அன்று. ஸ்பெயினின் தெனெரீப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரு விமானங்கள் மோதி 583 பேர் மாண்டது 1977இல் அன்று. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு, 1892இல் காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்ததை முதல் வரியாக்குவேன். மார்ச் 27 உலக நாடக நாளுமாகும்; ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துக்காட்டி நாடக இலக்கணம் பேசும் 'மதங்க சூளாமணி'யை எழுதியவர் அவர். நாடக நாள் 1962இல்தான் தொடங்கியது என்பதால் இது தற்செயலே. ஆனால் அந்த நூலை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைக்க இதைவிட நல்ல சாட்டு கிடைக்காது. ரொன்ஜன் இரண்டாவது வரியில் இருக்கட்டும்.

தற்செயலைத் தற்செயலென்றே விட்டுவிடுங்கள். சுவாமி மறைந்த 1947 ஜூலை 19 அன்றே பர்மாவில் அந்நாட்டு விடுதலைத் தலைவர் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டையும் அடுத்தடுத்து எழுதலாம். 'ஒரே நாளில் உலகம் இழந்த இருவர்' என்று தலைப்பிட்டுக் கோக்க வேண்டாம். டிசம்பர் 26க்கு மட்டும் என் அறிவுரை வேறு: கணினியின் முன்னோடி சார்லஸ் பாபேஜ் 1791இல் அன்று பிறந்தவர்தான் என்றாலும், நம் கரையோர நூலகத்தில் அன்றைய பலகை ஆழிப்பேரலைக்கு மட்டுமே உரியது.

சரிபார்ப்பதற்குப் பழைய பத்திரிகைகளே நல்ல துணை. இணையத்திலுள்ள 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பத்திரிகைகளும் நினைவு மலர்களும் நிறையவே உண்டு. ஆனால் பத்திரிகையின் திகதி வேறு, 'நேற்று' என்று செய்தி சொல்லும் திகதி வேறு. அவசரத்தில் முகப்புத் திகதியை எழுதிவிடுவது அடிக்கடி நேர்வது, நானே செய்திருக்கிறேன். கல்லறையில் இறப்புத் திகதியோடு அடக்கத் திகதி கலந்திருக்கலாம். பிறப்புச் சான்றிதழில் பிறந்த திகதியும் பதிந்த திகதியும் வேறு வேறு வரிகளில் இருக்கும்.

ஒரு பெரிய சி.ஆர். கொப்பி (தடித்த அட்டைபோட்ட குறிப்பேடு) வாங்கி, பெப்ரவரி 29ஐயும் சேர்த்து 366 பக்கங்களுக்குத் திகதியிடுங்கள். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஆண்டையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். செப்டம்பர் 11இன் பக்கத்தில் ஆசிரியரின் திருத்தத்தையும் ஒன்றரை மணிக் கணக்கையும் முதலில் ஏற்றிவிட்டு, அவர் அடுத்த முறை வரும்போது அந்தக் கொப்பியை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.