கம்பெனி சைலன்சரை வெட்டியாச்சு, எஃப்.சி. வருகிறது: என்ன செய்வது?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறேன். பி.எஸ்.6 டீசல் பிக்கப் ஒன்று என் பெயரில் இருக்கிறது. அதில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து கேரளாவுக்கு மீன் லோடு எடுக்கிறோம். தம்பிதான் ஓட்டுகிறான். மூன்று வருட வாரண்டி முடிய நான்கு மாதம் இருந்தபோது சைலன்சர் ஃபிளாஞ்ச் (குழாயை இணைக்கும் தட்டு) அருகே உடைந்தது. ‘மீன் தண்ணீர் பட்ட துரு, வாரண்டி கிடையாது’ என்று ஷோரூமில் கைவிரித்துவிட்டார்கள். வெளியில் வாங்கிய சைலன்சர் சரியாக உட்காரவில்லை. பிராக்கெட் ஓட்டை சேரவில்லை, பள்ளத்தில் இறங்கினால் சேஸில் தட்டும். ஒரு வருடம் அப்படியே ஓட்டினோம். போன மாதம் ஒர்க்‌ஷாப்காரர், ‘டி.பி.எஃப். அடைத்திருக்கிறது, அதனால்தான் இழுவை இல்லை’ என்று அந்தப் புகை வடிகட்டியையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டார். மீட்டரில் எரிந்த விளக்கையும் அணைத்துக் கொடுத்தார். இப்போது களியக்காவிளையில் தம்பியை நிறுத்தி மோட்டார் வாகனச் சட்டம் 190(2) போட்டு சலான் கொடுத்திருக்கிறார்கள். புகைச் சான்றைக் காட்டியும் கேட்கவில்லை. அடுத்த மாதம் எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். சலானைக் கட்டிவிடலாமா? வண்டியைப் பிடிப்பார்களா? ஷோரூம் மேல் வழக்குப் போட முடியுமா? படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும் வருத்தமாக இருந்தது. ஊரை அலறவைக்க வேண்டும் என்று குழாய் மாற்றியவர் இல்லை நீங்கள். ஷோரூமில் ஒன்று சொல்ல, ஸ்பேர் கடையில் ஒன்று விற்க, ஒர்க்‌ஷாப்பில் ஒன்று வெட்ட, கடைசியில் பழி முழுவதும் வண்டி ஓனர் தலையில் வந்து நிற்கிறது.

சைலன்சரை மாற்றியது குற்றம் இல்லை. உடைந்ததைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை மாட்டுவது ரிப்பேர். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 120ஆம் விதி கேட்பது, வெளியேறும் புகையின் சத்தத்தை முடிந்த அளவு குறைக்கிற ஒரு சைலன்சர் வண்டியில் இருக்க வேண்டும் என்பதைத்தான். அந்தத் தட்டுகிற சைலன்சரோடு நின்றிருந்தால் உங்கள் பக்கம் நின்று வாதாட எனக்கு இடம் இருந்திருக்கும். நேர்க்குழாயில் அந்த இடம் இல்லை.

டி.பி.எஃப். விஷயம் இன்னும் கனமானது. டீசல் புகையில் வரும் கரித்தூளைப் பிடித்துவைத்து, சூடேறும்போது எரித்துவிடுகிற பெட்டி அது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்ற புகை மாசு அளவுக்குள் வண்டி நிற்பதே அதனால்தான். உங்கள் வண்டி பி.எஸ்.6 என்று பதிவாகியிருக்கிறது. இப்போது ஓடுகிற வண்டி அது இல்லை. பதிவில் உள்ள விவரம், கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பாகவே படித்தது. அப்படி மாற்றிய ஓனருக்கு 182ஏ(4) பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘மெக்கானிக் சொன்னார், நான் விட்டுவிட்டேன்’ என்ற பதில் அங்கே உதவாது.

புகைச் சான்று ஏன் செல்லவில்லை என்றால், அந்தச் சோதனையில் ஆக்ஸிலேட்டரை மிதித்து வரும் புகையின் அடர்த்தியை மட்டும்தான் பார்க்கிறார்கள். சத்தத்தை அளப்பதில்லை, கீழே குனிந்து டி.பி.எஃப். இருக்கிறதா என்றும் பார்ப்பதில்லை. 190(2)இல் காற்று மாசும் வரும், சத்தமும் வரும்.

சலானுக்கு வருகிறேன். 190(2)க்கு முதல் தடவை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அடுத்த தடவை சிறை ஆறு மாதம் வரை. ஓட்டியவரோடு, ஓட்டவிட்டவரும் இதில் சேர்த்தி. உங்கள் குழாய் இருக்கிற நிலையில் வழக்காடி ஜெயிக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன், வழக்காடாமல் முடிக்கும் சமரசத் தொகையைக் கட்டி முடிப்பதுதான் நல்லது. ஆனால் கட்டியதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். 206(4) பிரிவுப்படி இந்தக் குற்றத்துக்கு லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம், 200ஆம் பிரிவில் பணம் கட்டுவது அதிலிருந்து காப்பாற்றாது. தம்பியின் பிழைப்பே அந்த லைசென்ஸ்தான். நோட்டீஸ் வந்தால், வண்டியைப் பழையபடி சரிசெய்த பில்லையும் படத்தையும் இணைத்து எழுத்தில் பதில் கொடுங்கள். நாம் பேசுவதற்கு இருக்கிற ஒரே பலம் அதுதான்.

வண்டியைப் பிடிப்பார்களா? 207ஆம் பிரிவில் வண்டியைப் பிடித்துவைப்பது லைசென்ஸ், பதிவு, பர்மிட் சம்பந்தப்பட்ட தவறுகளுக்கு. குழாய்க்காக மட்டும் அதைப் போட முடியாது. ஆனால் எஃப்.சி. தேதி தாண்டிப்போனால் 56ஆம் பிரிவுப்படி அது பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். அப்போது 207 தானாக உள்ளே வந்துவிடும். ‘எஃப்.சி. அன்றைக்கு மட்டும் ஒரு கம்பெனி சைலன்சரை இரவல் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்’ என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் புது வெல்டிங் பட்டால் அங்கேயே முடிந்தது. படாவிட்டாலும் அடுத்த நாள் அதே குழாயோடு செக்போஸ்டில் நிற்கப்போவது தம்பிதான்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குழாயின் பின்பாதி கட்டுக்கம்பியில் தொங்குகிறது. பக்கத்திலேயே டீசல் பைப் போகிறது. ஒரு விரல் கூட நடுவில் வைக்க முடியாது போலத் தெரிகிறது. 113ஆம் விதிப்படி எரிபொருள் பைப்புக்கும் புகைக்குழாய்க்கும் நடுவே 35 மில்லிமீட்டராவது வேண்டும், ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். வழக்கு, அபராதம் எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் இதில்தான். எங்கேயாவது தீப்பிடித்தால், சொல்லாமல் மாற்றிய வண்டி என்று இன்சூரன்ஸ் கம்பெனி சொந்தச் சேதத்துக்கான பணத்தை மறுக்கப் பார்க்கும். எஃப்.சி.க்காகக் காத்திருக்க வேண்டாம், அந்தக் குழாயோடு இனி ஒரு லோடு கூட ஏற்றாதீர்கள்.

சரி, ஷோரூம். இங்கே உங்களுக்கு நல்ல வழக்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். உடைந்த சைலன்சரின் படத்தில் விரிசல், ஃபிளாஞ்சை ஒட்டிய வெல்டிங் வழியாக வளையல் போலச் சுற்றி ஓடுகிறது. ஐஸ் உருகி வடியும் மீன் தண்ணீர் மேலிருந்து சொட்டுவது. அது அரித்தால் மேல்பக்கத் தகடு பொத்துப்போகும். உங்கள் சைலன்சரில் மேல்பக்கம் கொஞ்சம் துரு தெரிகிறதே தவிர ஓட்டை இல்லை. உடைந்தது வெல்டிங். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 38ஆம் பிரிவு இடம் தருகிறது.

‘வியாபாரத்துக்கு வாங்கிய வண்டி, நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்பது அவர்களுடைய முதல் எதிர்ப்பாக இருக்கும். ஒரே வண்டியை வைத்து நீங்களும் தம்பியும் சுயதொழிலாக வயிறு கழுவுகிறீர்கள். அப்படிப்பட்டவர் நுகர்வோர்தான் என்று அதே நுகர்வோர் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. மனுவை நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். ஷோரூம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். காலக்கெடு இரண்டு வருடம். வாரண்டி மறுத்து ஏறக்குறைய பதினைந்து மாதம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறேன், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். ஷோரூமில் கொடுத்த அன்றைய ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) ‘துரு’ என்று எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால், மறுத்த காரணத்தை எழுத்தில் கேட்டு ஒரு பதிவுத் தபால் இன்றே போகட்டும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சைலன்சருக்கு நஷ்டஈடு கேட்கலாம், டி.பி.எஃப்.பை வெட்டிய செலவை அவர்கள் தலையில் கட்ட முடியாது. அதையும் மனுவில் சேர்த்தால் மற்றதும் கெட்டுப்போகும்.

ஸ்பேர் கடையில் ‘உங்கள் வண்டிக்கு இதுதான் சரியான மாடல்’ என்று சொல்லி விற்று, பில்லில் மாடல் பெயரும் எழுதியிருந்தால் அதற்குத் தனியாகப் பணம் கேட்கலாம். பில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உடைந்த சைலன்சர் வீட்டுத் தோட்டத்தில்தான் கிடக்கிறது என்று படத்தில் தெரிகிறது. மழையில் போடாமல் சாக்கில் சுற்றி உள்ளே எடுத்து வையுங்கள், துருவைத் தேய்க்க வேண்டாம். அப்புறம் வெட்டிய டி.பி.எஃப். எங்கே என்று நீங்கள் எழுதவே இல்லை. பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகம் பூசிய உள்பாகம் அது. பழைய இரும்பு விலைக்குப் போகிற சாமான் இல்லை. அடைத்திருந்தால் பல நேரம் சுத்தம் செய்தே திரும்ப மாட்டிவிடலாம், புதிது வாங்குகிற செலவு மிச்சம். அது உங்கள் பொருள். இன்றைக்கே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள்; தர மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நோட்டீஸ் அனுப்பலாம்.